கம்ப்யூட்டர் அறைக் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லம்மா" என்று மட்டும் எழுதாதீர்கள்.

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குத் தீயணைப்பு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள் அல்லவா? மூன்று மாதம் மேனேஜரிடம் தொண்டை வற்றப் பேசினேன்.

"நெருப்புன்னா தண்ணி. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசனை?" என்பார்.

"நெருப்புல தப்பிச்ச மெஷினை உங்க தண்ணி கொன்னுடும் சார்" என்பேன்.

ஒருவழியாக, தீயை அணைக்கும் வாயுவுக்குச் சம்மதித்தார். கதவு மூடியிருந்தால்தான் வாயு உள்ளே நிற்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நேற்று சோதனைக்கு அதிகாரி வந்தார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து நின்றது, நான் வாங்கி வைத்த புதுத் தீயணைப்பான்!

"உள்ள ரொம்பக் குளிருதும்மா, அதான்..." என்று இழுத்தார் மேனேஜர். தலையில் அடித்துக்கொண்டேன். கவலைப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை மறுசோதனை.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தில், உங்களுக்குப் பின்னால், சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்பது நான் வாங்கித் தந்த தீயணைப்பான்தானே? அதைச் சுவரில் மாட்டுங்கள். கதவுக்கு ஒரு செங்கல் போதும்.

"படத்துல அத்தனை சின்னதா இருக்கறது உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு?" என்பீர்கள். தினமும் சாப்பிடும்போது அந்தப் படத்தைத்தான் எதிரில் சாய்த்து வைத்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. மாட்டியதும் படம் அனுப்புங்கள். தீயணைப்பான் மட்டும் போதாது, பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

உங்கள் மகள்