தகட்டை வெளியே எடுக்காமல்

பிப்ரவரி 6
செயற்கை மூட்டுகளுக்காக எங்கள் ஆய்வகம் உருவாக்கும் பூச்சைப் பூசிய தகடுகளின் சோதனை முடிவு இன்றும் அழகாக வந்தது. நீர்த்துளி ஒட்டாமல் உருண்டோடுகிறது. கிருமிகள் ஏறக்குறைய இல்லை. இயக்குநர் படம் பிடிக்க ஆள் அனுப்பினார். அழகாக வரும் எதையும் நான் சட்டென்று நம்புவதில்லை.

பிப்ரவரி 9
அக்கா போன் செய்தாள். அவள் முழங்காலில் சீழ் பிடித்த செயற்கை மூட்டைக் கழற்றியாயிற்று. கிருமி அடங்கிவிட்டது, புதியது வைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் விறைத்துவிடும் என்கிறார் டாக்டர். இவள் நாள் குறிக்கப் போகவில்லை.
"உன்னோடது வரட்டும்டி. தண்ணியே ஒட்டலையாம், கிருமி எங்க ஒட்டும்?"
"நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?"
"நீ எங்க வாயத் தொறந்த? உன் வீட்டுக்காரர்தான் சொன்னார்."
அவரைக் கேட்டேன். பெருமையாகச் சொன்னாராம்.

பிப்ரவரி 13
தகட்டை இடுக்கியால் கிருமி கலந்த திரவத்திலிருந்து தூக்கினேன். நீர் மொத்தமும் சறுக்கி விழுந்தது. எப்போதும் இப்படித்தான்: ஊறவைத்து, வெளியே எடுத்து, பிறகு எண்ணுகிறோம். விழும் நீரே கிருமிகளை வழித்துக்கொண்டு போனால்? ஒட்டவே இல்லையா, எடுக்கும்போது உதிர்ந்ததா? உடம்புக்குள்ளிருந்து யார் தூக்கி எடுக்கப்போகிறார்கள்?

பிப்ரவரி 20
திரவத்திலேயே வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். தகட்டின் மேல் நீரைத் தள்ளி நிறுத்தும் காற்றுப் படலம் கரைந்துபோயிருந்தது. கிருமிகள் அடை அடையாக. பூசாத தகட்டிலும் இதே அளவுதான்.

பிப்ரவரி 21
இன்னொரு முறை. அதேதான்.

பிப்ரவரி 23
இயக்குநரிடம் காட்டினேன். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிய நீங்களே நிறுத்துறீங்களே மேடம்."
"பிரேக் இருக்கான்னு பார்த்தேன் சார்."
சிரிக்கவில்லை. ஆனால் படத்தை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.
மாலையில் போனில் அக்கா.
"அது வேலை செய்யலக்கா. சாதா மூட்டே வெச்சுக்கோ. இப்பவே."
"மறுபடி சீழ் பிடிச்சா?"
"பிடிக்காதுன்னு என்னால சொல்ல முடியாது."
"பொய்யாவது சொல்லேன்டி!"
சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். ஒரு பொய் — ஒரே ஒரு பொய் சொல்லித் தொலைச்சா எனக்கு என்ன கொறஞ்சிடும்?

பிப்ரவரி 27
அக்காவிடமிருந்து ஒரு வரி: டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாளாம்.

ஆகஸ்ட் 14
அக்கா புது மூட்டோடு மாடிப்படி ஏறி வந்தாள், கைப்பிடியைப் பிடித்து, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே. உட்கார்ந்ததும் அவளுடைய இரண்டு முழங்கால்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை. இரண்டும் ஒரே சூடு.
"என்னடி, நம்பிக்கை வரலையா?"
இன்னொரு முறை தொட்டேன். அதேதான்.