தூக்கத்தில் ஓங்கிய கை

ஜூன் 3, திங்கள்

துணிக்கடைக் கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். நானும் ஒல்லியும் இருபது நிமிடத்தில் அவர்களை இறக்கிவிட்டோம். பதினோரு வருடமாக என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். வழக்கமான நாள் என்று எழுதிவிடலாம், விடியற்காலையில் நடந்ததை விட்டுவிட்டால்.

கனவில் முன்பின் தெரியாத ஒருவன் என் கருவிப்பையைப் பிடுங்குகிறான். விடுவேனா? முகத்திலேயே ஒரு குத்து விட்டேன். "ஐயோ" என்ற குரல் அவனுடையது இல்லை. கண் விழித்தால், என் மனைவி கன்னத்தைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னங்க, தூக்கத்துல யார்கூட குஸ்தி?" என்று சிரித்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது. மாலைக்குள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்விட்டது.

இது மூன்றாவது தடவையாம். முதலில் ஓர் உதை, அப்புறம் முழங்கை. இரண்டையும் என்னிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 4

கண்ணை மூடப் பயம். மூடவில்லை.

ஜூன் 8, சனி

வேலை பார்க்கும் நூலகத்தில் கேட்டவர்களிடம், அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். நேற்றுதான் தெரிந்தது.

"எதுக்குப் பொய்?" என்றேன்.

"புருஷன் தூக்கத்துல அடிச்சிட்டாருன்னா யாரு நம்புவா? தூக்கத்துலயா, முழிச்சிக்கிட்டான்னு கேப்பாங்க."

ராத்திரி படுக்குமுன் எங்களுக்கு நடுவே தலையணைகளை அடுக்கினேன். வலது கையைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில் என்னை நானே கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

காலையில் பார்த்தால் துண்டு தரையில் கிடக்கிறது. எப்போது அவிழ்த்தேன்?

ஜூன் 14, வெள்ளி

கூடத்து சோபாவுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. தூங்கினால்தானே வம்பு என்று, காபியைக் குடித்துக் குடித்து மூன்று மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் அசந்தால் போதும், கனவு கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. முன்னைவிட மோசமாக. துரத்துகிறார்கள், நான் பாய்கிறேன். நேற்று முன்தினம் மேசை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

இன்று வேலையில் செய்யக்கூடாத தப்பைச் செய்துவிட்டேன். லிஃப்டின் கூரைமேல் ஏறுமுன் நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். இருபத்தொன்பது வருடமாக, மூச்சு விடுவதுபோல, யோசிக்காமல் செய்வது. இன்று அழுத்தவில்லை. கால் வைத்ததும் லிஃப்ட் அசைந்தது. ஒல்லி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, தூக்கத்த வித்து என்னத்த வாங்கப் போறீங்க?" என்று கத்தினான். நாளை முதல் லீவு போடச் சொல்லிவிட்டான். போட்டுவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள்.

மனைவியின் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது மஞ்சளாகி மங்கிவிட்டது. ஆனால் வெள்ளி இரவு எனக்குப் போர்வை போர்த்த வந்தவளின் மணிக்கட்டைத் தூக்கத்திலேயே பிடித்து முறுக்கிவிட்டேன். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. டம்ளரை நீட்டும்போது மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாவ அடிக்கிறீங்களாப்பா?"

"தூக்கத்துலடி. அவருக்கே தெரியாது" என்றாள் என் மனைவி.

"எல்லா அம்மாவும் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணுதாம்மா சொல்லுவாங்க."

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். "ரெண்டு நாள், அவ மனசு ஆறட்டும்" என்று வாசலில் மனைவி கிசுகிசுத்தாள். இரண்டு நாளுக்கு அவ்வளவு பெரிய பையா?

ஜூன் 17

ஆள் இல்லாத வீடு. யாரையும் அடிக்க முடியாது, நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

இதை எழுதியே ஆகவேண்டும். ஒரு தடவை அடித்திருக்கிறேன். கல்யாணமாகி இரண்டாவது வருடம். வாசல் சாவியைத் தொலைத்துவிட்டாள். மழையில் ஒரு மணி நேரம் நின்ற எரிச்சலில் பளாரென்று அறைந்தேன். முழு விழிப்பில். அதற்குப் பிறகு கை ஓங்கியதே இல்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் ஆறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அறைந்தவன்தான் இப்போது ராத்திரியில் வருகிறானா? எனக்குத் தெரியாமல் எனக்குள் அவள்மேல் அவ்வளவு ஆத்திரமா? எதற்கு? அவள் என்னடா செய்தாள் உன்னை?

ஜூன் 27, வியாழன்

தூக்கக் கோளாறுகளுக்கென்றே ஒரு மருத்துவர் இருக்கிறார். மகள்தான் தேடிப் பிடித்தாள். எனக்காக இல்லை, எது உண்மை என்று அவளுக்குத் தெரியவேண்டும். மூன்று பேரும் போனோம்.

எத்தனை மணிக்கு நடக்கிறது, எழுப்பினால் கனவு நினைவிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் என் மனைவியிடம், "முழிச்சிருக்கும்போது எப்பவாவது கை ஓங்கியிருக்காரா?" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது.

"ஒரு தடவ அறைஞ்சிருக்கேன் டாக்டர்" என்றேன். "இருபத்தெட்டு வருஷமாச்சு."

மகள் சட்டென்று அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். தலை, தாடை, கால் எல்லாம் ஒயர், ராத்திரி முழுக்க நான் தூங்குவதைப் படம் பிடிக்க ஒரு கேமரா. "சாதாரணமா தூங்குங்க" என்கிறாள் ஒயர் ஒட்டிய பெண். நல்ல கூத்து.

ஜூலை 12, வெள்ளி

படம் பிடித்ததைப் போட்டுக் காட்டினார்கள். கண் மூடியபடி ஒரு கிழவன் காற்றைக் குத்துகிறான், உதைக்கிறான், எவனையோ வைகிறான். அது நான்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி இருக்காதாம். ஆழமாகப் போகும், மேலே வரும், நடுவில் நாலைந்து முறை கனவுக் கட்டம் வரும். விடியும் பக்கம்தான் அது நீளமாம். "கனவு காணும்போது கை கால் அசையாம மூளை கட்டிப்போட்டுடும். அதனாலதான் கனவுல ஓடினாலும் நாம கட்டில்லயே கிடக்கறோம். உங்களுக்கு அந்தக் கட்டு விட்டுப்போகுது. கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பரம சாதுவுக்கும் வரும்."

மாத்திரை தந்தார். கொஞ்ச நாள் தனிக் கட்டில். பக்கத்தில் கூர்மையான சாமான் கூடாது. இன்னொன்றையும் மறைக்கவில்லை. இப்படி இருக்கிறவர்களில் பலருக்கு, வருடங்கள் கழித்து, கை நடுங்கும் நரம்பு நோய் வருவதுண்டு. "எல்லாருக்கும் வராது. வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

மனைவி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைப் பிரிக்கும்போது சொன்னேன், "அன்னிக்கு அந்தச் சாவிக்காக..."

"அதுக்கு மாத்திரை கிடையாதுங்க" என்றாள்.

"தெரியும். அது தூக்கமில்ல. நான்தான். மன்னிச்சிடு."

மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஒரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன், கேப்பீங்கன்னு. அப்புறம் விட்டுட்டேன்." புடவையை அலமாரியில் வைத்தாள். மன்னித்தாளா? கேட்க எனக்கு என்ன உரிமை?

ஜூலை 20

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. நேற்று முனகினேனாம், அவ்வளவுதான். வேலைக்குப் போனேன். பொத்தானை அழுத்தினேனா என்று ஒல்லி மூன்று தடவை எட்டிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மகள் போனில் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். நேற்று நான் எடுத்துவிட்டேன். "அம்மா இல்லையா?" என்றாள். பிறகு, "மாத்திரை போடறீங்களா?" என்றாள். "போடறேன்மா." "சரி, அம்மாகிட்ட குடுங்க." இப்போதைக்கு இது போதும்.

நான் தனிக் கட்டிலுக்கு மாறிய பிறகும் மனைவி என் பக்கம் முகம் வைத்தேதான் படுப்பாள். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் அரைக்கண் திறந்திருக்கும், காவல்காரன் மாதிரி. இன்று காலை ஆறரைக்கு விழித்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிவரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.