வலை நூல் கட்டிய அடுப்பு

காம்விக்,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அர்வித்துக்கு,

ஹெர்டிஸ் எழுதுவது. நான் நலம். கப்பலில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய். வலி இருந்தாலும் "ம்", இல்லாவிட்டாலும் "ம்". அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கப்பல் துரோம்சோவுக்கு மீன் இறக்க வரும்போது இது உன் கைக்குக் கிடைக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். வடக்குப் பக்கச் சுவரில் பெயிண்ட் உரிகிறது. சதுப்பில் முல்ட்டெ பழம் இந்த வருஷம் நிறைய. நான் பறிக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டு ரான்டி ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஜாம் காய்ச்சினேன். சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை. சாப்பிட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

போன வாரம் நடைப்பயணிகள் தங்கும் அந்தக் குடிலுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்று இருந்திருப்பேன்.

தொர்லெய்ஃப்தான் படகில் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. "ஒம் புருஷன் அடுப்புக் கதவ நூலால கட்டிப் போட்டதுலேர்ந்து அங்க நடந்து போறவன் எல்லாம் பல்லு தந்தியடிச்சிக்கிட்டே திரும்பி வர்றான். அவன்கிட்ட சொல்ல ஊர்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. எனக்கும்தான் இல்ல" என்றான். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது போல. சட்டென்று குனிந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

நம் சிக்னே கடைசியாகத் தூங்கிய இடத்தை நான் பார்த்ததில்லை, அர்வித். தேடப் போனவன் நீ. பாறைச் சரிவுக்குக் கீழே விழுந்து கிடந்தவளைக் கண்டவர்களில் நீயும் ஒருவன். நான் வீட்டில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை குடிலைப் பெருக்கி, அடுத்து வருகிறவருக்காக அடுப்பில் விறகு அடுக்கி வைத்துவிட்டுத்தான் நம் பெண் கிளம்பியிருக்கிறாள் என்று சொன்னாய். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அடுப்புக் கதவை நீ வலை நூலால் கட்டிவிட்டு வந்ததுகூட ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படகு விட்ட இடத்திலிருந்து பாதை என்று ஒன்று இல்லை, உனக்குத் தெரியும். பன் மாதிரி உருண்ட கல். எதில் கால் வைத்தாலும் உருள்கிறது. நடுநடுவே, ரஷ்ய ஆறுகளிலிருந்து வந்து கரையொதுங்கிய மரங்கள். ஆற்று முகத்தில் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அக்கரை ஏறும்போது கால் என்னுடையதாகவே இல்லை. அது எனக்குப் பழக்கம்தான். ஒரு வருஷமாக உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. பாறைச் சரிவை மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு போனேன். கீழே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கலைமான் நின்று என்னைப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டது.

குடிலுக்குள் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, வடக்குக் காற்றோடு. நீ எழுதி மாட்டிய அட்டை இன்னும் அடுப்புக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "தொடாதீர்கள்." உன் கையெழுத்து கோணலாக இருந்தது. நூலைத் தளர்த்தி அடுப்புக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடியில் பிர்ச் மரப்பட்டை. அதன்மேல் சீவிய சுருள்கள், குச்சியிலிருந்து விட்டுப் போகாமல் இறகு மாதிரி நின்றன. மேலே குறுக்கும் நெடுக்குமாக விறகு. அடுப்புக்குப் பக்கத்தில் தீப்பெட்டி, பாதி திறந்து, குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டு. விறைத்த கையோடு வருகிறவன் எடுக்க வேண்டுமே, அதற்காக. அவள் கை செய்த கடைசி வேலை அது. எரிந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. நீ ஏன் கட்டினாய் என்று எனக்குப் புரிந்தது. நூலை மறுபடி இறுக்கிவிட்டு, குளிரில் உட்கார்ந்து ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றேன். நானும் அதைத் தொடுவதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பெர்கன் பக்கத்து ஆள், ஐவிந்த் என்று பெயர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவனாம். ஆற்றில் விழுந்து பையோடு முழுக்க நனைந்திருந்தான். உதடு நீலம். அந்த நிலையிலும் அட்டையை நின்று படித்தான். "அடுப்பத் தொடக் கூடாதுன்னு போட்டிருக்குங்க. பரவால்ல, நா இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்" என்றான். உட்கார்ந்தும் விட்டான். முதலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு நடுக்கம் நின்றது. நடுங்குவது நின்றால் குளிர் ஆளைக் கொண்டுபோகிறது என்று அர்த்தம், இந்தக் கரையில் பிறந்த நமக்குத் தெரியும்.

"அத எழுதினது எம் புருஷன்தான். ஈரத்தையெல்லாம் கழட்டுங்க" என்று சொல்லி, கத்தியை எடுத்து நூலை அறுத்தேன்.

என் விரலும் மடங்கவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. நீட்டிக்கொண்டிருந்த குச்சியை உதட்டால் இழுத்து எடுத்தேன். ஒரே குச்சி, பிடித்துக்கொண்டது. உடனே குடில் முழுக்கப் புகை. புகைபோக்கியின் மேல் பனி இறங்காமலிருக்கத் தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன். மழையில் ஓடி ஊன்றுகோலால் அதைத் தட்டிவிட்டு வந்தால், அந்த மனிதன் போர்வைக்குள் இருமிக்கொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்!

அவள் அடுக்கியது அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. தீரும்வரை பார்த்தேன். பிறகு கரையொதுங்கிய மரத்தைப் போட்டேன். அழுகை வரும் என்று இருந்தேன், வரவில்லை. விரலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அது மட்டும் குத்தியது. இந்த ஒரு வருஷத்தில் எனக்கு வலித்தது அதுதான்.

ஐவிந்துக்கு முகத்தில் நிறம் வந்தது. காப்பி குடித்தான். நூலை நீ ஏன் கட்டினாய் என்று அவன் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிளம்புமுன் நானும் அடுப்பில் அடுக்கி வைத்தேன். அவளுக்கு வந்ததுபோல் எனக்குச் சுருள் வரவில்லை, ஒடிந்து ஒடிந்து விழுந்தது. விறகையும் அதிகமாகத் திணித்துவிட்டேன். குச்சிகளை வெளியே நீட்டி வைத்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன். கதவைக் கட்டவில்லை. அட்டையைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன், அது உன் அலமாரியில் இருக்கிறது.

நீ என்மேல் கோபப்படுவாய். படு. ஆனால் ஒன்று யோசித்துப் பார். அடுத்து வருகிறவர் குளிரில் விறைக்கக் கூடாது என்றுதான் அவள் அதை வைத்தாள். அடுத்து வந்தது நீ. உன் கை அன்று எப்படி விறைத்திருந்தது என்று அந்தக் கையெழுத்திலேயே தெரிகிறது. நீ குளிர் காயாமல் கட்டிவிட்டு வந்தாய். நான் காய்ந்தேன், அர்வித். கொஞ்ச நேரம்தான்.

வலை நூலை இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையது, உன்னிடமே இருக்கட்டும். அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுக்காதே. பனி விழுமுன் வீட்டுக்கு வா. நான் அடுக்கியதில் விறகு அதிகம், எடுத்துவிட்டுச் சரியாக அடுக்க வேண்டும், அது உனக்குத்தான் வரும்.

கடல் உன்னை முழுசாகக் கரை சேர்க்கட்டும். இதைப் படித்ததும் ஃபோன் செய். வாய்க்கு வந்தபடி திட்டு. "ம்" மட்டும் சொல்லாதே.

உன்,
ஹெர்டிஸ்