ஆடி மாதத்தில் சத்தமில்லாத கடை

கோபத்தோடு எழுத உட்கார்ந்தாலும் கை இப்படித்தான் தொடங்குகிறது: என் தங்கமான அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டேன். அந்தக் கேள்வியை நேபாளத்திலிருந்து தினமும் கேட்டேன். தினமும் "எனக்கென்னட்டி, கல்லு கணக்கா இருக்கேன்" என்றீர்கள். போன ஆடியில் அந்தக் கல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அப்படிப் பேசியது. வீட்டில் அது எனக்கு மட்டும் தெரியாது.

எல்லோரும் உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். ரங்கநாதன் தெருக் கடைக்காரர்கள் வரிசையாக மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்து, "பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் பாத்தாரும்மா" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் தலையாட்டினேன். நோகாமல் எங்கே விட்டார், மொத்தமாகச் சேர்த்து வைத்துக் கொடுத்துவிட்டல்லவா போயிருக்கிறார் என்று உள்ளுக்குள் கத்தினேன். செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது திட்ட நீங்கள் வாய்ப்பே தரவில்லை. பிறகு எப்போதுதான் நான் திட்டுவது?

நான் ஊர் சுற்றிப் பார்க்கவா போனேன்? அடையாறு கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் எங்களில் சிலரை நேபாளத்து மலைக் கிராமத்துப் பள்ளி ஒன்றுக்கு மூன்று மாதத் தன்னார்வப் பணிக்கு அனுப்பினார்கள். கேட்டதும் நீங்கள் குதித்தீர்கள். "இங்க நொச்சிக்குப்பத்துல பிள்ளைகளே இல்லையாட்டி? அவங்களுக்குப் போய்ச் சொல்லிக்குடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்திரலாம்லா" என்றீர்கள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு நீங்களே பெட்டி வாங்கி வந்தீர்கள். நம் கடைக்கு ரவிக்கை லைனிங் துணி எடுக்க வந்த பெண்களிடமெல்லாம், "எம்மவ ஃபாரின்ல டீச்சரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். டீச்சர் இல்லப்பா, வாலண்டியர் என்று திருத்தினேன். "அதான், சம்பளம் வாங்காத டீச்சரு" என்றீர்கள்.

அங்கே நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் முழுதாகக் கேட்டதே இல்லை. போனை எடுத்தால் சோற்றைப் பற்றித்தான் விசாரணை. "காலையில பருப்புச் சோறு, ராத்திரியும் பருப்புச் சோறா? ஒரு கொழம்பு வைக்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு?" அந்தம்மா வைத்துப் போட்ட சோறு நன்றாகத்தான் இருந்தது அப்பா. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களை நானும் எல்லோரையும் போல ஆமா என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள். மழைக்காலத்தில் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் அட்டை. முதல் நாள் காலில் ஏறியதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். மறுநாளிலிருந்து ஆமா ஒரு துணியில் உப்பு முடிந்து கொடுத்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் ஒரு வார்த்தை கேட்காது, பாடத்தை நிறுத்திவிட்டுப் படம் வரைவோம். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பட்டினப்பாக்கம் கரையையும் படகுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். இதையெல்லாம் வந்து உங்களிடம் நேரில் சொல்லலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

என் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மலை வளைவு வரை ஏறிப் போய்த்தான் தினமும் உங்களைக் கூப்பிடுவேன். ஒருநாள் வீடியோவில் நீங்கள் வந்தீர்கள். பின்னால் கலர் கலராகத் துணி தொங்கியது. ஆனால் சத்தமே இல்லை. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் சத்தமில்லாத கடை உண்டா? நான் கேட்டேனே அப்பா, வாய்விட்டே கேட்டேனே. "மேல ஸ்டாக் ரூம்ல இருக்கேன். கீழ ஒரே கூட்டம், நீ பேசுதது கேக்காதுல்லா" என்றீர்கள். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! வாங்க வந்தவர்களிடம் சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லி வியாபாரத்தையே விட்டவர் நீங்கள். பெற்ற மகளிடம் மட்டும் எப்படி மனசு வந்தது?

அந்தக் கடை எது என்று நம் கடையில் வேலை பார்க்கும் பழனி அண்ணன், பையில் துணி மடித்து வைத்துக்கொண்டே பிறகு சொன்னார். "இன்னா பண்றது பாப்பா, மொதலாளி சொல்லிட்டாரு. கடைலேந்து நாலு கலர் துணி எடுத்தாந்து கட்டிலுக்குப் பின்னால மாட்டுன்னாரு. மாட்ட எடமில்ல, ட்ரிப்ஸ் ஸ்டாண்டுல தொங்கவுட்டேன். நர்ஸம்மா திட்டிக்கினே கீது. இவரு சட்டைய மேல மாட்டிக்கினு, தலைய சீவிக்கினு உன்னாண்ட பேசுவாரு. முடிஞ்சதும் போன என் கைல குடுத்துட்டு மூச்சு வாங்குவாரு பாரு..." அந்த மூச்சு வாங்கலைப் பழனி அண்ணன் பார்க்கலாம், நர்ஸ் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா?

நான் ஆறாத கோபத்தில் இருப்பது இதற்காகக் கூட இல்லை. ஆமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்ததை உங்களிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? அவர் மகன் கத்தாரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அந்த ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் தூர தேசத்தில் இருக்கிறார்கள். பெரியவர் கண் மூடியதும் முதலில் அவனுக்குத்தான் போன் போனது. அவனால் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார்கள். ஆற்றங்கரையில் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அவன் அங்கிருந்து கதறினான், இங்கே பெண்கள் ஒவ்வொருவராகப் போன் பக்கத்தில் போய் அவனைத் தேற்றினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பய. அம்புட்டுத் தூரத்துல கெடக்கவன்ட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றீர்கள். "அதெப்படிப்பா சொல்லாம இருப்பாங்க? அவனோட அப்பாப்பா" என்று நான் சண்டைக்கே வந்தேன். "சரிட்டி, சரி. போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டீர்கள். மறுநாள் உங்களுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று அம்மா பிறகுதான் சொன்னாள். என் மனசு என்ன என்று என் வாயாலேயே கேட்டுக்கொண்டீர்கள் அப்பா. கேட்ட பிறகும், செண்பகாவிடம் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினீர்கள். இதை நான் எப்படி மன்னிப்பது?

அறுவைக்குப் பிறகு கிருமி தொற்றிக்கொண்டது. அப்பா போன் ரிப்பேர் என்று அம்மா சொன்னாள். சில நாள் கழித்துச் சித்தப்பா கூப்பிட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல, பொறப்பட்டு வாம்மா" என்றார். மழையில் வழுக்கும் பாதையில் ஜீப், பஸ், டெல்லியில் விமானம் மாறி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் நர்சிங் படிக்கும் தோழியிடம் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு, அழைத்துப் போக விமான நிலையம் வந்திருந்த சித்தப்பா, "மொதல்ல வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். வாசலில் தம்பி குமரன் மொட்டைத் தலையோடு நின்றான். நான் மலை இறங்குவதற்கு முன்பே உங்களை எரித்துவிட்டிருந்தார்கள்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தவனை வரவழைக்கத் தெரிந்தது. அவன் ஆண் பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டுமே. "நீ வந்து என்னம்மா பண்ணிருக்கப் போற?" என்று சித்தப்பா கேட்டார். என்ன பண்ணியிருப்பேன்? உங்கள் காலைப் பிடித்துவிட்டிருப்பேன். ட்ரிப்ஸ் ஸ்டாண்டில் தொங்கிய துணியை உருவி எறிந்துவிட்டு உங்களோடு சண்டை போட்டிருப்பேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அது உங்கள் யாருக்கும் ஒரு வேலையாகவே தெரியவில்லையா?

இப்போதைய சேதி சொல்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு குமரன் வியட்நாம் போயிருக்கிறான். ஒரு கிராமத்துப் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும் மாணவர் குழுவில் இருக்கிறான். தினமும் சேறும் சிரிப்புமாகப் படம் அனுப்புகிறான். இந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறுவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குமரன்ட்ட சொல்லாதட்டி. சந்தோஷமா இருக்கான். வந்தப்புறம் சொல்லிக்கிடலாம்."

அப்படியே உங்கள் குரல் அப்பா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். சரி, சொல்லாமல் விடுவோம், என்னிடம் மறைத்தவன்தானே, அவனும் படட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடையாறு பாலம் தாண்டும்வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவனுக்குப் போன் போட்டேன். அம்மா பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. "அம்மாவுக்கு ஆபரேஷன்டா. அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை அவள் காதில் வைத்தேன்.

முதலில் அம்மா, ஒன்றுமில்லை, சின்ன விஷயம், வேலையைப் பார் என்றாள். அவன் அங்கிருந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். ஆட்டோ சிக்னலில் நின்றபோது அம்மா திடீரென்று, "பயமா இருக்குடா குமரா" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். என்னிடம் கூட அதுவரை சொல்லவில்லை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி, "அழட்டும்மா, மெதுவா போலாம்" என்றார். குமரன் கிளம்பி வருகிறான்.

உங்களுக்கும் பயமாகத்தானே இருந்திருக்கும்? சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, என்னிடம் சோறு தின்றாயா என்று கேட்டபோது உள்ளே நடுங்கிக்கொண்டுதானே இருந்தீர்கள்? அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கலாம் அப்பா. நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன், தாங்கியிருப்பேன்.

என் கோபம் ஆறும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அம்மாவை அறுவைக்குக் கொண்டுபோகும்போது ஒரு கையை நான் பிடித்திருப்பேன், இன்னொரு கையைக் குமரன் பிடித்திருப்பான். இந்த வீட்டில் இனி யாரும் தனியாகப் பயப்பட நான் விட மாட்டேன்.

நீங்கள் சொல்லாமல் விட்டுப்போன மூத்த மகள்,
செண்பகா