பாப்பா நெற்றியில் குங்குமம்

மார்கழி 6, வெள்ளிக்கிழமை

கடலூர் ஸ்டெல்லா அக்கா இரவல் தந்த கிறிஸ்துமஸ் படக்கதைப் புத்தகத்தை, தொழுவத்துக் குழந்தை தெரியும்படி விரித்துச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள் மகள். காலையில் சாமி படங்களுக்கு வரிசையாகப் பொட்டு வைத்த என் கை அந்தக் குழந்தைக்கும் வைத்துவிட்டது.

அக்காவின் அப்பா வாங்கிய புத்தகம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வீடே கூடி உட்கார்ந்து படிப்பார்கள். நாளைக்குத் திருப்பித் தரணும்.

ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் கன்னம்வரை பரவிவிட்டது. இன்னும் தேய்த்தால் முகமே போய்விடும்.

"வுடும்மா, இப்பதான் நம்ம வூட்டுப் பாப்பா மாதிரி இருக்கு" என்கிறாள் மகள்.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். அக்காவிடம் என்ன சொல்வேன், சாமி நடராஜா? படுத்தவள் எழுந்துபோய் மறுபடி பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.