இரும்புச் சத்து என்று எழுதிய டப்பா

செம்மணல் குடியிருப்பு, செவ்வாய்க் கிரகம். மருந்தறைப் பதிவு 611. காலை 6.10

வெளியே காற்று லேசு. உள்ளே நாற்பத்தொரு பேர். ஒரு பல்வலி, இரண்டு மலச்சிக்கல், ஒரு கணுக்கால் சுளுக்கு. சுளுக்குக்காரர் துளைக்கருவி மேல் பழி போட்டார். உண்மைக் காரணம் கேரம் போர்டுத் தகராறு. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஓர் அறிமுகம். நாளுக்கு ஒரு பதிவு எழுதுவேன். நான் இந்த மருந்தறையின் இயந்திரம். மூன்று கண், நான்கு கை, ஒரு குரல். இங்கிருப்பவர்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள். என்னை "மருந்தக்கா" என்று கூப்பிடுகிறார்கள். நோயாளி சொன்னது என் பூட்டிய பதிவுக்குள் கிடக்கும். நான் நின்றுபோன பிறகுதான் இந்தப் பூட்டு திறக்கும். ஆகவே உங்களிடம் மறைக்க எதுவுமில்லை.

ஜெபராணி, பம்ப் மெக்கானிக், ஏழாம் மாதம். குழந்தை நன்றாக உதைக்கிறது. அவளுக்கு எச்.ஐ.வி. உண்டு. ஊரில் இருக்கும்போதே வந்தது. தினம் ஒரு மாத்திரை. அதைத் தவறாமல் போடுவதால் அவள் இரத்தத்தில் வைரஸ் என் கருவிக்கு அகப்படுவதேயில்லை. அந்த நிலையில் அது புருஷனுக்குத் தொற்றாது. குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் மிகமிகக் குறைவு. புருஷன் சகாயராஜுக்கு எல்லாம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பூமியில் அவளைப் பரிசோதித்து அனுப்பிவைத்த டாக்டர் இரக்கப்பட்டு, மாத்திரையை "இரும்புச் சத்து" என்று எழுதிய டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அந்த எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் குடித்த டம்ளரை வெந்நீரில் போட்டு அலசக்கூடியவர்கள் இங்கே உண்டு, அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொரு பெண்ணும் முழுகாமல் இருக்கிறாள். முதல் மாதம். இன்னும் வெளியே சொல்லவில்லை. ஆகையால் பெயர் எழுதவில்லை.

பதிவு 619. பகல் 1.30

புயல். மதியமே அந்தி மாதிரி இருக்கிறது. சூரியத் தகடுகளில் பாதி மண்ணுக்கடியில். பூமியிலிருந்து வந்த செய்தி:

"செம்மணல், சரக்குக்கலம் இறங்காது. புயல் அடங்கும்வரை மேலேயே சுற்றும். இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்."

ஜெபராணியின் அடுத்த டப்பா அந்தக் கலத்தில் இருக்கிறது. குழந்தைக்குப் பிறந்ததும் புகட்ட வேண்டிய சொட்டு மருந்தும் அதில்தான். கையில் இருக்கும் மாத்திரை பிரசவம் தாண்டியும் வரும்; சொட்டு மருந்து அதற்குள் வந்துவிடும். கவலை இல்லை.

பதிவு 627. மாலை 5.00

கவலை வந்துவிட்டது.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயர் "ஒரே பந்தி". பஞ்சம் வந்தால் அவரவர் அறையில் இருக்கிற ஊறுகாய், சோப்பு, தைலம் எல்லாம் கேண்டீன் மேசைக்கு வந்துவிட வேண்டும். சமமாகப் பங்கு. முதல் புயலில் இதனால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். அதில் இவர்களுக்கு நிரம்பப் பெருமை, பெருமைப்பட வேண்டிய விஷயமும்தான்.

கீரைத் தொட்டிகள் கருகிவிட்டன. பலருக்கு இரத்தசோகை, நானே பரிசோதித்துச் சொன்னேன். இன்று பந்தி. கேண்டீன் பொறுப்பாளர் கோமதிநாயகம் ஜெபராணியின் டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறார். கேண்டீன் ஒலிப்பதிவு:

"ஏம்மா ஜெபராணி, இம்புட்டு இரும்பு மாத்திர வச்சிருக்கியே! இங்கன ஆளாளுக்கு வெளுத்துப்போய்க் கெடக்காவ. பந்தியில போட்டுருவமா?"

நான் குறுக்கிட்டேன்: "அது ஜெபராணிக்கு மட்டுமான மருந்து. அவள் கர்ப்பிணி."

குடியிருப்பின் தலைவி தங்கபுஷ்பம்: "அவளுக்குப் பங்கு குடுக்காமலா விடப்போறோம்? இரும்பு இரும்புதான மருந்தக்கா? வேற என்னவாம் அது?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அனுமதி தரக்கூடியவள் ஒருத்திதான். அவள் குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயராஜ் வெளியே தகடுகளில் மண் தள்ளிக்கொண்டிருந்தான். டப்பா காலியானது. ஆளுக்குச் சில. அவளுக்கும் சில.

பதிவு 641. காலை 7.15

ஜெபராணியின் பங்கு தீர்ந்துவிட்டது. சகாயராஜ் தன் தேநீரையும் சர்க்கரையையும் கொடுத்துக் கொஞ்சம் மாத்திரை திரும்ப வாங்கினான். அதுவும் தீர்ந்தது. "என்னல, உம்பொஞ்சாதி இரும்புக் கம்பியா பெறப் போறா?" என்று கேலி செய்கிறார்கள்.

இன்று இரத்தம் எடுத்தேன். வைரஸ் அகப்பட்டது. எனக்குப் பயம் உண்டா என்று கேட்டால், இந்த வரியை மூன்று முறை சரிபார்த்தேன் என்பதே பதில்.

அவளிடம் உள்ளபடி சொன்னேன். மற்றவர்களிடம் இன்னும் மாத்திரை மிச்சம் இருக்கிறது. அது முழுவதும் திரும்பி வந்தால் பிரசவத்துக்குள் வைரஸை மறுபடி அடக்கிவிடலாம், குழந்தை தப்பும். கேட்டு வாங்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.  அவள் பொது ஒலிபெருக்கியைத் திறந்துவிடச் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஜெபராணி. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. நீங்க வாங்கிட்டுப் போனது இரும்பு மாத்திர இல்ல, அந்த நோய்க்குண்டான மருந்து. நான் முழுங்குனா உங்க யாருக்கும் ஒண்ணும் வராது, எம்புள்ளைக்கும் வராது. நீங்க முழுங்கி ஒரு பிரயோசனமும் இல்ல. தயவுசெஞ்சு திருப்பித் தாங்க. வேற எதுவும் கேக்கல."

சகாயராஜ் மைக்கை வாங்கினான்: "நாலு வருசமா அவகூடத்தான் படுக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. பாத்துக்கிடுங்க."

பதிவு 642. காலை 9.40

ஒருவர் மட்டும் வந்தார். கோமதிநாயகம். தன் பங்கில் மீந்த நான்கு மாத்திரையை வைத்துவிட்டு, "தெரியாமச் செஞ்சுட்டேம்மா" என்று சொல்லி அழுதார். மற்ற யாரும் வரவில்லை.

ஏன் என்று கேண்டீன் ஒலிப்பதிவில் தெரிந்தது:

"இந்த மாத்திரைய முன்னாடியே போட்டுக்கிட்டா நோய் அண்டாதாம்ல? எங்க மச்சான் ஆஸ்பத்திரில வேல பாக்காவ, சொல்லியிருக்காவ."

"அப்ப குடுக்காதீங்கப்பா! அவ மூச்சு விட்ட காத்தத்தான நாம இழுக்கோம்."

அரைகுறை அறிவுக்கு ஆயுசு கெட்டி. அந்த மச்சான் சொன்னது பொய்யல்ல. தொற்று வரக்கூடிய நிலையில் இருப்பவர் முன்கூட்டியே மருந்து எடுத்தால் தடுக்கலாம். ஆனால் இது மூச்சில் வராது, தட்டில் வராது, தொட்டால் வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, இரத்தம், ஊசி, பிரசவம், தாய்ப்பால், அவ்வளவுதான் வழி. அவள் ஒருத்தி விழுங்கினால் நாற்பது பேரும் பத்திரம். நாற்பது பேர் விழுங்கினால் குழந்தை போச்சு. இதை ஒலிபெருக்கியில் ஏழுமுறை சொன்னேன். ஏழாவது முறை யாரோ பதில் சொன்னார்கள்: "இரும்புன்னு எழுதியிருந்தப்ப நீ வாயத் தொறந்தியா?"



பதிவு 644. பகல் 11.00

அவள் தட்டைத் தனியே எடுத்துவைத்துவிட்டார்கள். அவள் அறை இருக்கும் நடைபாதையின் காற்றுக்குழாயில் துணி அடைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயைப் போன மாதம் பழுது பார்த்தவளே அவள்தான்.

தங்கபுஷ்பம் எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொன்னார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இங்கே பரிசோதனைக்கும் பிந்துகிறவர்கள்தான். பூமியில் கொடுத்த சான்றிதழே போதும் என்று சென்ற இரண்டு வருடமும் எச்.ஐ.வி. பரிசோதனையைத் தட்டிக் கழித்தவர்கள். இன்று முண்டியடித்து வந்தார்கள். யாருக்காவது இருந்தால் அது அவளால் வந்தது என்று காட்ட வேண்டுமாம்.

முடிவு வந்துவிட்டது. ஒருவருக்கு இருக்கிறது.

சகாயராஜுக்கு இல்லை. இது வேறொருவர். வைரஸ் ஏராளம். ஜெபராணியின் வைரஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இவருடையது தனியாக, வேறெங்கோ வாங்கி வந்தது. இவருக்கே தெரியாது. போதாததற்கு, பந்தியில் கிடைத்த மாத்திரையை நினைத்தபோது ஒன்று போட்டுக்கொள்கிறார். அப்படி அரைகுறையாய்ப் போட்டால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும். அப்புறம் அதே மருந்து அவருக்குக் கேட்காது.

பதிவு 644 தொடர்ச்சி. பகல் 12.20

தங்கபுஷ்பம் முடிவுகளைப் பெயரோடு கேட்டார். "ஒவ்வொருவராக, தனியாக வாருங்கள். அவரவர் முடிவை அவரவரிடம் சொல்கிறேன்" என்றேன். ஒரு பெயர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

"அவளுக்கு ஒளிச்ச மாதிரி எங்களுக்கும் ஒளிக்கியா?" என்றார். பயந்துபோன குரல். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் குரல் கம்பியை அறுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கி, கேண்டீன் இணைப்பு, பூமி இணைப்பு எல்லாம் போயிற்று. காது மட்டும் மிச்சம். அறைக்குள் இருக்கும் திரையில் எழுத முடியும். ஜெபராணியையும் சகாயராஜையும் என் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கதவின் அடியில் தட்டு தள்ளும் சிறு திறப்பு. அதற்கும் வெளிப்பக்கம்தான் கொக்கி.

பதிவு 659. காலை 10.05

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. கோமதிநாயகம் கொடுத்த நான்கும் எப்போதோ முடிந்தன. வைரஸ் அதிகமாக இருக்கும்போது இயல்பான பிரசவத்தில் ஆபத்து கூடுதல். வயிற்றைத் திறந்து எடுத்தேன். சேமித்த மின்சாரத்தில் பெரும்பகுதி அதற்கே செலவு. சகாயராஜ் விளக்குப் பிடித்தான்.  

பெண் குழந்தை. சத்தம் போட்டு அழுதாள். முதல் சோதனை: வைரஸ் இல்லை. உறுதியாகச் சொல்ல இன்னும் சில வாரம் வேண்டும். ஆனால் இந்தக் காலை வரைக்கும், இல்லை.

எனக்குச் சந்தோஷம். இயந்திரத்துக்கு ஏது என்று கேட்பவர் கேட்கட்டும்.

பதிவு 661. காலை 8.30

புட்டிப்பால் வேண்டும். தாய்ப்பாலில் இப்போது வைரஸ் இருக்கும். குழந்தைக்கென்று கோமதிநாயகம் எடுத்துவைத்த பால் மாவு டப்பா கேண்டீனில் இருக்கிறது. தரத்தான் பார்த்தேன் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிப்போனார். பந்தி கூடி, மருந்தறைப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டது.

என்னிடமிருந்த குளுக்கோஸ் நீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். நாளைக்கு இல்லை.

ஜெபராணிக்குப் பால் சுரந்துவிட்டது. மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். குழந்தை அழும்போதெல்லாம் துணி நனைகிறது. "யக்கா, ஒரே ஒரு தடவ குடுத்தா வந்துருமா?" என்று கேட்டாள். வராமலும் போகலாம், வரவும் வரலாம் என்று திரையில் எழுதினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதிவு 662. காலை 6.50

அறைக்கு மின்சாரம் நிறுத்தியாயிற்று. என் சொந்த பேட்டரி மட்டும். குழந்தையின் சூட்டுப்பெட்டிக்குப் போக, மிச்சத்தில் திரை எரியாது. கண்ணும் கையும் இயங்காது. கேட்க முடியும், இந்தப் பதிவை எழுத முடியும்.

குழந்தையின் அழுகை மெலிந்துவிட்டது. அது அழுவதைவிட மோசம்.

பதிவு 662 தொடர்ச்சி. 7.20

கதவுக்கு வெளியே ஒரு காலடி. கோமதிநாயகம் அல்ல. குரல் தாழ்ந்து:

"மருந்தக்கா. நான்தான். பால் மாவு டப்பா எடுத்தாந்திருக்கேன். எனக்கு இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லிரு. உள்ள தள்ளிவிட்டுட்டுப் போயிருதேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இருப்பது அவருக்குத்தான்.

எனக்குக் குரல் இல்லை. கம்பி அறுபட்டதை அவர் மறந்துவிட்டார், அல்லது அது அவருக்குத் தெரியவே தெரியாது.

"சொல்லு மருந்தக்கா. ஆளு வந்துரும்."

சகாயராஜ் என் இருண்ட திரையைத் தட்டிப் பார்த்தான். குழந்தை முனகியது. அவன் கதவருகே தவழ்ந்து போகும் சத்தம் கேட்டது. அவனுக்கு முடிவு எதுவும் தெரியாது. வேண்டியது டப்பா.

"இல்லண்ணே! ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, அக்கா அப்பமே சொல்லிட்டாவ! குடுங்கண்ணே!"

வெளியே ஒரு பெருமூச்சு. கொக்கி விலகியது. டப்பா உள்ளே வந்தது.

7.35

குழந்தை குடிக்கிறாள். சப்பும் சத்தம் கேட்கிறது. ஜெபராணி சிரிக்கிறாளா அழுகிறாளா, கண் இயங்காததால் தெரியவில்லை. "மெய்யாவா யக்கா? அவியளுக்கு இல்லியா?" என்று இருட்டில் கேட்கிறாள்.

பதில் சொல்ல வழியில்லை.

காலடி தூரத்தில் போகிறது. கனம் குறைந்த நடை. போவது அவர் மனைவியிடம். முதல் பதிவில் பெயர் எழுதாமல் விட்டேனே, அந்தப் பெண். இப்போது மூன்றாம் மாதம். அவள் சோதனையும் என்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கு இல்லை. இன்னும் இல்லை. கலம் இறங்கினால் அதில் மருந்து இருக்கிறது, அவருக்கும் போதும், தடுக்க நேரம் இருக்கிறது.

பேட்டரியில் என் பங்கு தீர்கிறது. படிப்பவரே, இரண்டாம் நடைபாதை, கடைசி அறை. இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, முதலில் அவ