தேநீரில் தெரியாத பாசி

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. உள்துறைமுகத்தில் புதிதாக ஒரு கப்பல். பெயர் குறிக்கவில்லை. முன்பென்றால் குறித்திருப்பேன்.

என் மனைவி இந்திரா இறந்து இருபத்தேழாம் நாள். சனிக்கிழமை முப்பத்தொன்றாம் நாள் படையல். மகள் மாலினி கொழும்பிலிருந்து வந்துவிட்டாள். வந்ததும் குசினியில் அடுப்பருகே நின்று, தண்ணீர் வடிகட்டும் மெசினில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பாதியைத் துப்பினாள்.

"என்னப்பா, பாசி மணக்குது!"

"எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

பொய்யல்ல. நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. தேநீர்தான், சாயம் கடுமையாக.

இதே சொல்லைத்தான் இந்திராவும் சொன்னாள். சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முன். "இஞ்சாருங்கோ, தண்ணி பாசி மணக்குது." டயலிசிஸ் தொடங்கிய பிறகு சோறு இரும்பு என்பாள், பால் உப்பு என்பாள். இதையும் அதோடு சேர்த்துவிட்டேன். ஒரு தேநீர் போட்டுக் குடித்துப் பார்த்தேன். "தண்ணியில ஒண்டுமில்லை. உம்மட வாய்தான்" என்றேன். பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

செய்ய: ஐயருக்கு நினைவூட்டல். வாழையிலை. தண்ணீர் மெசின் கழுவ கிண்ணியா நஸாருக்கு கோல் எடுக்க. மிஞ்சிய மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் கொடுக்க (நேற்றும் செய்யவில்லை).

நஸார் நாளை வருகிறார்.

அவளுடைய கப் இன்னும் மெசினுக்குப் பக்கத்தில். டொக்டர் அளவு போட்டிருந்தார்: நாளுக்கு நாலு கப், அதற்கு மேல் சொட்டும் இல்லை. அளந்து கொடுத்தது நான். ஒரு நாளும் பிசகவில்லை.

ஜூலை 10, வியாழன்

பத்து மணிக்கு நஸார். மெசினைக் கழற்றினார். வடிகட்டிக் கூட்டின் உட்சுவர் முழுக்க வழுவழுப்பு. விரலில் வழித்துக் காட்டினார்.

"வருசத்துக்கு ரெண்டு தரம் கழுவணும் சேர். நீங்க ஒண்டரை வருசம் விட்டிருக்கீங்க. சுத்தத் தண்ணி தாற மெசின் தானாச் சுத்தமா இரிக்கும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிற."

வடிகட்டிகளையும் சவ்வையும் எடுத்துவிட்டு, வெறுங்கூட்டில் மருந்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்தார். குழாயிலும் தாங்கியிலும் அரை மணி நேரம் நிற்கவிட்டு வடித்தார். புது வடிகட்டி. "ரெண்டு தாங்கி நிறைச்சு ஊத்துங்க. மூண்டாவதைத்தான் வாயில வைக்கணும்."

நேரே கேட்டேன்: இது அவளுக்குத் தீங்கு செய்திருக்குமா?

"அத டொக்டர்தான் சொல்லணும் சேர். மணந்திரிக்கும். அது நிச்சயம்."

சாமான்களை அடுக்கும்போது அவராகவே சொன்னார்: "அன்ரி ஏப்ரல்ல கோல் எடுத்தாங்க. 'தண்ணி மணக்குது தம்பி, வாங்க' எண்டாங்க. அடுத்த நாள் அவங்களே எடுத்து, 'வேணாம் தம்பி, சேர் குடிச்சுப் பாத்திட்டார், என்ட வாய்தான் பிழை' எண்டு சிரிச்சாங்க."

குடித்துப் பார்த்தது தேநீர் என்று நஸாரிடம் நான் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்றே இல்லை. இரண்டு தாங்கியும் ஊற்றியாயிற்று.

டொக்டருடன் தொலைபேசியில். தண்ணீரால் அல்ல, சிறுநீரகம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார். நம்புகிறேன். ஆனால் என் கேள்வி அதுவல்ல.

நாற்பது வருடம் பத்திரிகை நிருபராக, ஊரார் முறைப்பாட்டையெல்லாம் இடத்துக்குப் போய்ப் பார்த்தே எழுதினேன். கந்தளாய்ப் பக்கம் ஒரு கிணறு நாறுகிறது என்றதற்கு பஸ் ஏறிப் போய் ஒரு வாளி இறைத்து மணந்து பார்த்தவன். குசினிக்குப் பத்து அடி.

நாலு கப். நாலும் பாசி.

ஜூலை 12, சனி

முப்பத்தொன்று. படையலில் வாழைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குக் கறி, மாம்பழம், இளநீர். எல்லாம் அவளுக்கு விலக்கியிருந்தவை.

தண்ணீர் வைப்பது என் பொறுப்பு. செம்பில் பிடித்தேன். ஒரு மிடறு குடித்தேன்.

இந்திராவின் தங்கை பார்த்துவிட்டாள். "ஐயோ அத்தான்! படைக்க முதல் ஆரும் வாய் வைப்பினமே? எச்சில் தண்ணியே அக்காவுக்கு?"

"ஓம். குடிச்சுப் பாத்துத்தான் குடுப்பன்."

"ஊத்திப்போட்டு வேற பிடியுங்கோ."

"ஏலாது."

செம்பில் கொஞ்சம் குறைந்திருந்தது. என் கை பழக்கத்தில் அவளுடைய அளவுக் கப்பை எடுத்தது. மாலினி அதை வாங்கி அப்பால் வைத்தாள்.

"இண்டைக்கு அளக்காதைங்கோ அப்பா."

செம்பை விளிம்பு வரை நிரப்பினாள். படைத்தோம்.

தண்ணீரில் மணம் இல்லை. பச்சையாகக் குடித்துப் பார்த்தேன்.